உத்திரத்துத் தூசில் என் கையெழுத்து

போன மாதம் நீங்கள் ஆறு பேரும் ஔந்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள், ஓய்வு பெற்ற ஆளை ஒருமுறை பார்த்துப் பேசிவிட்டு வரட்டும் என்று அலுவலகத்தில் அனுப்பிவைத்திருந்தார்கள். காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்க பெரிய கேஸ் ஒண்ணு சொல்லுங்க மேடம்" என்று கேட்டீர்கள். நானும் ஒரு மிட்டாய்த் தொழிற்சாலையில் யாரும் காணாத பழுதை நான் கண்டுபிடித்த கதையை முக்கால் மணி நேரம் அளந்தேன். நீங்களும் வாயைப் பிளந்து கேட்டீர்கள். நீங்கள் போன பிறகு எனக்கே கூச்சமாக இருந்தது. ஆலைகளைச் சோதித்துச் சொல்லும் நம் நிறுவனத்தில் முப்பது வருடம் தூசு வெடிப்புகளைத் தடுக்கவும், தடுக்க முடியாமல் போனால் விசாரிக்கவும் சம்பளம் வாங்கியவள் நான். உங்களிடம் சொல்ல வேண்டிய கதை அதுவல்ல.

சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். உங்களில் இரண்டு பேருக்குத் தமிழ் படிக்கத் திணறும் என்று தெரியும். மெதுவாகப் படியுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் எனக்கு அறிக்கை எழுதும் கை வந்துவிடும். "செய்யப்பட்டது, கண்டறியப்பட்டது" என்று எழுதி, செய்தது யார் என்பதை நைசாக மறைத்துவிடுவேன். இந்தக் கதையில் அது நடக்கக் கூடாது.

முதலில் என் கையெழுத்தைப் பற்றிச் சொல்கிறேன். நான் ஒரு தொழிற்சாலைக்குள் நுழைந்தால் இயந்திரங்களைப் பார்ப்பதற்கு முன்பு ஏணி கேட்பேன். கூரையைத் தாங்கும் இரும்பு உத்திரங்களின் மேல்பக்கம் கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. வருடக்கணக்கில் மாவும் தூளும் அங்கே படிந்திருக்கும். ஏறிப்போய், அந்தத் தூசில் விரலால் 'வி' என்று தமிழில் எழுதி ஒரு படம் எடுப்பேன். விசாலாட்சியின் வி. அந்தப் படம் என் அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்கும். மராத்திக்காரர்கள் நிறைந்த போசரித் தொழிற்பேட்டையில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். ஆனால் அது யாருடைய எழுத்து என்று எல்லா மேனேஜருக்கும் தெரியும். தொழிலாளிகள் எனக்குத் 'தூள்வாலி மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்தியில் தூசுக்கார மேடம் என்று அர்த்தம். அந்தப் பெயர் என் காதில் விழும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்ததை மறைக்க மாட்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு, போசரியில் ஒரு சின்ன ஆலை. மாத்திரை செய்பவர்களுக்கு மக்காச்சோள மாவைச் சலித்து மூட்டை கட்டி அனுப்புவார்கள். அங்கே மேனேஜர் கதிர்வேல், கோயம்புத்தூர்க்காரர். முந்தின வருடம் போனபோது அந்த ஆலையின் உத்திரத்தில் என் விரல் முதல் கணு வரை புதைந்தது. 'வி' போட்டேன், படம் எடுத்தேன், எல்லார் முன்னாலும் கதிர்வேலை வாங்கு வாங்கென்று வாங்கினேன். இந்த வருடம் வழக்கம்போல ஒரு வாரம் முன்பே கடிதம் அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை வருகிறேன்; உத்திரங்களின் மேல் தூசு இருக்கக் கூடாது; இருந்தால் இந்த முறை ஆலையை நிறுத்தச் சொல்லிப் பரிந்துரை செய்வேன் என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்தபோது எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

திங்கள்கிழமை மதியம் இரண்டரைக்கு ஆலை வெடித்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி. தீயணைப்பு வண்டிகள் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தன. கூரைத் தகடுகள் பக்கத்து ஆலையின் வளாகத்தில் கிடந்தன. ஒரு பக்கச் சுவர் முழுதாக வெளியே சாய்ந்திருந்தது. தெரு முழுவதும் கருகிய சோள ரொட்டி வாசனை. கதிர்வேல் கேட்டருகில் நின்றிருந்தார், தலைமுடியெல்லாம் வெள்ளையாக மாவு. என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

"மேடம், நீங்க நாளைக்குத்தானுங்களே வர்றதா இருந்தது?"

அதிர்ச்சியில் ஏதோ உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டு அவரைத் தாண்டி உள்ளே போனேன். அந்த வாக்கியத்தை அங்கேயே நின்று கேட்டிருந்தால் எனக்கு இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

மாவு எப்படி வெடிக்கும் என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். மாவு மூட்டைக்குள் தீக்குச்சியைச் செருகினால் குச்சிதான் அணையும். அதே மாவைப் புகைபோலக் காற்றில் பரப்பிவிட்டு, மூடிய அறைக்குள் ஒரு சூடான பொருளைக் காட்டினால், கண் இமைப்பதற்குள் அறை முழுவதும் நெருப்பாகும். முதல் நெருப்பு சின்னதாகத்தான் இருக்கும். அது கட்டடத்தைக் குலுக்கும், உத்திரங்களில் மிச்சம் படிந்திருக்கும் தூசெல்லாம் கீழே கொட்டும், அதிலும் பற்றும். ஆளைக் கொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது நெருப்புதான்.

அன்றைக்கு மாவு சலிக்கும் கொட்டகைக்குள் இருந்தவர்கள் இரண்டு பேர். பாண்டுரங் என்பவர் சாய்ந்த சுவருக்கு அடியில் இறந்துபோனார். வயது முப்பத்தாறு, மனைவி சுமன், ஒரு மகள். இன்னொருவர் ஆறுமுகம், ஐம்பதைத் தாண்டியவர், பக்கத்தில் கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழர். அவரை வெடிப்பு மூட்டைகள்மேல் தூக்கி எறிந்ததால் உயிர் தப்பினார். முகத்திலும் கைகளிலும் தீக்காயம். இரண்டு பேரும் பதினோரு வருடம் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். மதியச் சாப்பாட்டை எப்போதும் ஒன்றாகப் பிரித்து உண்பவர்கள்.

நான் உள்ளே போவதற்குள் காரணம் தயாராக இருந்தது. ஆறுமுகத்தின் பேண்ட் பையிலிருந்து ஒரு தீப்பெட்டி எடுக்கப்பட்டிருந்தது. அவர் பீடி குடிப்பவர் என்பது எல்லாருக்கும் தெரியும். கொட்டகைக்குள் பீடி பற்றவைத்தார், வெடித்தது, கூட்டாளி செத்தார். ஆலை ஆட்கள் ஐந்து பேர் போலீஸிடம் அப்படி எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. புதன்கிழமைக்குள் போசரி முழுவதும் அதையே பேசியது. சுமன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, "என் புருஷனைக் கொன்னவன் உள்ள படுத்திருக்கான்" என்று கத்தினாள் என்று கேள்விப்பட்டேன். ஆறுமுகத்தின்மேல் வழக்குப் போட எல்லாம் தயார். எங்கள் விசாரணை அறிக்கைக்காக மட்டும் காத்திருந்தார்கள்.

எனக்கும் அந்தக் காரணம் பிடித்துத்தான் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன். தயாராக இருக்கும் காரணம் வெயிலில் கிடைத்த நிழல் மாதிரி, உட்கார்ந்துவிடத் தோன்றும். ஆனால் எனக்கு ஒரு பழக்கம். காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் முதல் நாள் தரையில் கிடக்கும் எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுவேன், எது முக்கியம் என்று யோசிக்காமல். அன்றும் இருநூறு படத்துக்குமேல் எடுத்தேன்.

புதன்கிழமை காலை ஆறுமுகத்தைப் பார்க்க அனுமதி கிடைத்தது. பிம்ப்ரியில் ஒரு ஆஸ்பத்திரி. முகம் வீங்கி இமைகள் இரண்டும் ஒட்டிக்கிடந்தன. அவரால் என்னைப் பார்க்க முடியவில்லை. கைகள் இரண்டும் கட்டுக்குள். நான் யாரென்று பெயர் சொல்லவில்லை. விபத்தை விசாரிக்க வந்திருக்கிறேன் என்று மட்டும் தமிழில் சொன்னேன்.

"தமிழா? நல்லதாப் போச்சும்மா. பாண்டு எந்த வார்டுல இருக்கான்? யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

டாக்டர் சொல்லுவார் என்று மழுப்பிவிட்டு, கொட்டகைக்குள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன்.

"சஃபாயி பண்ணிக்கினு இருந்தோம். நான் ஸீடி மேல. பாண்டு கீழ ஸீடியப் புடிச்சிக்கினு இருந்தான். பாதி முடிச்சாச்சு. அப்புறம் ஒரே வெள்ளை. அதுக்கப்புறம் மாலூம் இல்ல." அவர் தமிழில் பாதி இந்தி: ஸீடி என்றால் ஏணி, மாலூம் இல்ல என்றால் தெரியாது.

"திங்கக்கெழமை மத்தியானம் எதுக்கு சுத்தம் பண்ணுனீங்க?"

"மறுநாள் அந்த தூள்வாலி மேடம் வர்றதா இருந்துச்சும்மா. பீம் மேல ஒரு பொட்டுத் தூள் இருந்தாலும் கம்பெனிய பந்த் பண்ணிடுவாங்களாம். சார் ரெண்டு நாளா தூங்கவே இல்ல." மூச்சு வாங்கினார். பிறகு கேட்டார். "அந்த மேடம் வந்தாங்களா, இல்லியா? அவ்ளோ சஃபாயி பண்ணோமே, பாத்தாங்களா?"

வந்துவிட்டேன் என்று சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டேன். கிளம்பும் நேரத்தில் அவர் மெதுவாக இன்னொன்று கேட்டார்.

"நான் பீடி பத்த வச்சேன்னு எல்லாரும் சொல்றாங்க. உள்ள ஒரு நாளும் பத்த வச்சதில்லம்மா. அகர்பத்திக்குத்தான் தீப்பெட்டி வச்சிருப்பேன். கேட்டுக்கு வெளிய சாமி படம் இருக்கு, ஷிப்டுக்கு முன்னால கொளுத்துவோம். ஆனா இத்தினி பேரு சொல்றாங்களே. நெஜமாவே நான்தானோ? எனக்கே தெரியலியே."

இதை நன்றாக மனதில் வையுங்கள். பழியைப் பத்துப் பேர் திரும்பத் திரும்பச் சொன்னால், அதைச் சுமப்பவனே நம்பத் தொடங்கிவிடுவான். இரண்டே நாளில் அந்த மனிதர் பாதி நம்பிவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கல்பெஞ்சில் உட்கார்ந்து நான் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். எண்பதாவது படத்துக்குப் பக்கத்தில் கிடைத்தது. செங்கல் குவியலுக்கு நடுவே ஒரு நீள மூங்கில் கம்பு. திங்கள்கிழமை அதைச் சாரக்கட்டுக் கம்பு என்று நினைத்திருந்தேன். அதன் நுனியில் துணி சுற்றிக் காற்றுக் குழாய் ஒன்று கட்டப்பட்டிருந்தது. அடுத்த படத்தில் ஏணி. அதன் பக்கவாட்டில் கம்பியால் கட்டிய ஹாலஜன் விளக்கு, கல்யாணப் பந்தலில் கட்டுகிற மாதிரி. முன்கண்ணாடி இல்லாதது. அந்தக் கொட்டகையின் மற்ற விளக்குகளெல்லாம் தூசு புகாதபடி மூடியவை; நானே சொல்லி மாற்றவைத்தவை.

அங்கிருந்து நேராகப் போசரி. கொட்டகைக்குள் மூங்கில் கம்பைக் காணவில்லை. ஏணியையும் காணவில்லை. ஆனால் சுவரோரம் கம்ப்ரஸர் குழாயில் இருக்கும் வால்வின் கைப்பிடி மட்டும் அப்படியே இருந்தது. கைப்பிடி குழாயின் போக்கிலேயே நீளமாக இருந்தால் திறந்திருக்கிறது; குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. குழாயை அறுத்தெடுத்தவர்கள் கைப்பிடியைத் திருப்ப மறந்துவிட்டார்கள். முழுவதுமாகத் திறந்திருந்தது.

கதிர்வேல் தன் அறையில் இருந்தார். மேசைமேல் எனக்காக இட்லிப் பொட்டலம் வாங்கி வைத்திருந்தார்.

"சாப்புடுங்க அக்கா. காலைல இருந்து அலையறீங்க." மேடம் எப்போது அக்கா ஆனாள் என்று எனக்குத் தெரியவில்லை. "அந்த ஆறுமுகம் பண்ணுன வேலைனால எத்தன குடும்பம் தெருவுக்கு வந்துருச்சு பாருங்க. நீங்களும் நம்ம ஊர்ப் பக்கமுங்க. கொஞ்சம் பாத்து எழுதுங்க."

"நான் திருநவேலி. மூங்கில் கம்பு எங்க கதிர்வேல்?"

"எந்தக் கம்புங்க?"

போனை அவர் முன்னால் வைத்தேன். படத்தைப் பார்த்தார். பிறகு பேச ஆரம்பித்தபோது என்னைப் பார்த்துப் பேசவில்லை, இட்லிப் பொட்டலத்தைப் பார்த்துப் பேசினார்.

"வேற எப்படிங்க பண்றது? முப்பதடி ஒசரம். தொடப்பத்துல தட்டுனா ரெண்டு நாளாகும். ஞாயித்துக்கெழமை லீவு. காத்தடிச்சா ஒரு மத்தியானத்துல முடிஞ்சுருமுங்க. நாந்தான் அடிக்கச் சொன்னேன். வெளிச்சம் பத்தலைன்னாங்க, லைட்டும் நாந்தான் குடுத்தேன்."

"தூசை உறிஞ்சுத மெஷின் ஒண்ணு வாங்கச் சொன்னேனே. வாங்கியாச்சுன்னு எழுதியிருந்தீங்களே."

"இருக்குதுங்களே."

எழுந்து போய் ஸ்டோரைத் திறந்து காட்டினார். உறிஞ்சும் இயந்திரம் நடுவில் நின்றது. இந்த வேலைக்கென்றே செய்யப்பட்டது, பொறி வராது, நீளக் குழாயும் உண்டு. உத்திரத்தின் உச்சிவரை எட்டும். வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை. உறையின்மேல் ஒரு சிவப்பு ரிப்பனும் கட்டியிருந்தார்கள்.

"பிரிச்சா அழுக்காயிருமேன்னு பிரிக்கலைங்க. நாளைக்கு நீங்க வந்தா புதுசாக் காட்டணும்னு வச்சிருந்தோம்." அதைச் சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "உங்க லெட்டர்ல தூசு இருக்கக் கூடாதுன்னு மட்டுந்தானுங்களே போட்டிருந்துச்சு. எப்படி எடுக்கறதுன்னு ஒண்ணும் போடலீங்களே அக்கா."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மேனேஜர் என்று பெயர், இதுகூடத் தெரியாதா என்று கேட்க வாயெடுத்தேன். முந்தின வருடம் இதே ஆள் கேட்டது அப்போது ஞாபகம் வந்தது. எல்லார் முன்னாலும் நான் திட்டி முடித்தபோது, "எப்படீங்க மேடம் கிளீன் பண்றது?" என்று கேட்டார். "அதுவும் நான்தான் சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு, படம் எடுத்த திருப்தியோடு நான் காரில் ஏறிவிட்டேன்.

காற்றடித்துச் சுத்தம் செய்யாதே என்பது நம் தொழிலில் அரிச்சுவடி. உங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லியிருப்பார்கள். எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நான் அதை எழுதவில்லை. படிந்து கிடந்த தூசு படிந்தே கிடந்திருந்தால் அந்தத் திங்கள்கிழமை ஒன்றும் ஆகியிருக்காது. அதைக் கிளப்பியது காற்று. காற்றை அடிக்கவைத்தது பயம். பயம் வந்தது என் கடிதத்திலிருந்து.

வியாழக்கிழமை எங்கள் நிறுவனத் தலைவரின் அறைக்குப் போனேன். அவர் பெயர் வேண்டாம். மராத்திக்காரர், நான் இந்தத் தொழிலில் மதித்த இரண்டு மூன்று பேரில் ஒருவர். எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, காற்றடித்ததை எழுது, விளக்கை எழுது, கடிதத்தை விட்டுவிடு என்றார்.

"சுத்தமாக வை என்று சொல்வது குற்றமா? நீ எழுதியது சரியான வாக்கியம்" என்றார்.

"சரியானதுதான். ஆனால் பாதி வாக்கியம். மீதிப் பாதியை எழுதாததால் ஒருத்தர் செத்திருக்கிறார்."

"இதை உள்ளே வைத்தால் இனி போசரியில் ஒருத்தனும் நம்மைக் கூப்பிட மாட்டான். உனக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. யோசித்துப் பேசு."

யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். கடிதத்தை விட்டுவிட்டால், திங்கள் மதியம் அவசரமாக ஏன் சுத்தம் செய்தார்கள் என்ற கேள்விக்கு அறிக்கையில் பதில் இருக்காது. பதில் இல்லாத இடத்தில் யார் வேண்டுமானாலும் தீப்பெட்டியைத் திரும்பவும் வைத்துவிடலாம். ஆறுமுகத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் சங்கிலியில் ஒரு கண்ணிகூட விட்டுப்போகக் கூடாது. முதல் கண்ணி நான்.

"இந்த விசாரணையிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன். வேறு யாராவது செய்யட்டும். நான் சாட்சியாக இருந்துகொள்கிறேன்" என்று சொல்லி, போன வருடப் படம், இந்த வருடக் கடிதம், என் வாக்குமூலம் மூன்றையும் அவர் மேசைமேல் வைத்தேன். அவர் என்னைத் திட்டினார். நானும் குரலை உயர்த்தினேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அலுவலகம் மொத்தமும் வேடிக்கை பார்த்தது. கடைசியில் மூன்றையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "போ, நானே செய்கிறேன்" என்றார். கடுகடுத்துக்கொண்டேதான் செய்தார். ஆனால் ஒரு வரியையும் பூசி மெழுகவில்லை. அறிக்கையின் முதல் இணைப்பு என் கடிதம்தான்.

அடுத்த வாரம் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். விசாரிப்பவளாகப் போகவில்லை, இந்தத் தடவை சும்மா வந்தவள். பாண்டுரங் இறந்ததை அதற்குள் ஆறுமுகத்துக்குச் சொல்லிவிட்டார்கள். கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. நர்ஸ் கைக்கட்டைப் பிரித்து மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். புறங்கை இரண்டும் பார்க்க முடியாதபடி வெந்திருந்தன. நர்ஸ் கையைத் திருப்பியபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளங்கை இரண்டிலும் ஒரு காயம்கூட இல்லை. விரல்களின் உட்பக்கமும் அப்படியே இருந்தது.

"ஆறுமுகம், உங்க கையப் பாருங்க" என்றேன்.

"இன்னா பாக்கறது? போச்சு."

"உள்பக்கம் பாருங்க. ரெண்டு கையும் எதையோ இறுக்கிப் புடிச்சிருக்கு. அதான் நெருப்பு உள்ள போகல. ரெண்டு கையாலயும் மூங்கிலப் புடிச்சிருந்தவரு தீக்குச்சி எப்படிக் கிழிப்பாரு? நீங்க பத்த வைக்கல. ஏணில கட்டியிருந்த லைட்டுச் சூட்டுல பத்துனது. உங்க கையே சொல்லுது."

தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்களை மெல்ல மடக்கிப் பார்த்தார், ஒரு கம்பைப் பிடிப்பதுபோல. பிறகு குழந்தை மாதிரி அழ ஆரம்பித்துவிட்டார். நர்ஸ் அவர் கைகளை விடாமல் தாங்கிக்கொண்டு என்னை முறைத்தாள்.

அழுது ஓயும்வரை நின்றிருந்துவிட்டு மீதியையும் சொன்னேன். "அந்த தூள்வாலி மேடம் நான்தான். போன வாரம் கேட்டீங்கல்ல, வந்தாங்களான்னு. அன்னைக்கே வந்துட்டேன். லெட்டர் எழுதினதும் நான்தான். காத்தடிக்கக் கூடாதுன்னு எழுதாம விட்டதும் நான்தான்."

அவர் என்னை மன்னித்தார் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கதவருகில் போனபோது, "இதெல்லாம் சுமன் கிட்ட போயி சொல்லுங்க" என்றார்.

போய்ச் சொன்னேன். போசரியில் ஒற்றை அறை வீடு. உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே எனக்குத் தெரிந்த மராத்தியில் எல்லாவற்றையும் சொன்னேன்: காற்று, விளக்கு, உள்ளங்கை, கடிதம். சுமன் கடைசிவரை கேட்டாள். பிறகு கதவைச் சாத்திவிட்டாள். சத்தமாக அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆறுமுகத்தின்மேல் வழக்கு வரவில்லை. கதிர்வேல் தானாகவே போய்ப் புது வாக்குமூலம் கொடுத்தார். கம்பை எங்கே ஒளித்துவைத்தார்கள் என்பதையும் சொன்னார். அவரும் முதலாளியும் வழக்கைச் சந்தித்தார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. ஒரு வருடம் ஆலைகளுக்குப் போகாமல் மேசையில் உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள். வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றாத நாள் கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதாமல் விட்டதை எழுதியாக வேண்டுமே. நீங்கள் இன்று எடுத்துக்கொண்டு போகும் படிவத்தில் 'தூசு இருக்கிறதா' என்பதற்கு முன்னால் 'எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள், செய்து காட்டுங்கள்' என்று ஒரு கேள்வி இருக்கிறதல்லவா? அது அந்த வருடம் நான் எழுதியது. போகும் தேதியை முன்கூட்டிச் சொல்லாதே என்பதும் நான் எழுதியதுதான். அதைச் சும்மா சம்பிரதாயம் என்று உங்களில் ஒருவர் சொன்னீர்கள். யார் என்று சொல்ல மாட்டேன். சொன்னவருக்குத் தெரியும்.

மறுபடி ஆலைகளுக்குப் போக அனுமதித்த முதல் நாள், சொல்லாமல் கொள்ளாமல் அந்த ஆலைக்குத்தான் போனேன். புதுக் கூரை, புதுச் சுவர், புது மேனேஜர். கேட்டில் ஆறுமுகம் உட்கார்ந்திருந்தார். கை முழுதாக மடங்காததால் கேட்டு வேலை கொடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்து எழுந்தார், சிரிக்கவில்லை.

"சொல்லாம வந்துட்டீங்க."

"இனிமே அப்படித்தான்."

"உள்ள போங்க. சஃபாயி நடக்குது."

உள்ளே இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. உயரமான மேடை ஒன்றின்மேல் இடுப்பில் பெல்ட் மாட்டி, மூக்கை மூடிய முகமூடியோடு ஒரு பெண் நின்று, நீளக் குழாயால் உத்திரத்தை அங்குலம் அங்குலமாக உறிஞ்சிக்கொண்டிருந்தாள். காற்றில் ஒரு துளி வெள்ளை இல்லை. கீழே அந்த உறிஞ்சும் இயந்திரம். பிளாஸ்டிக் உறையும் இல்லை, ரிப்பனும் இல்லை. பக்கமெல்லாம் நசுங்கி, கீறல் விழுந்து, சக்கரத்தில் மாவு அப்பி, அந்த ஆலையிலேயே அழுக்கான பொருள் அதுவாகத்தான் இருந்தது.

புது மேனேஜர் எங்கிருந்தோ வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். என்னைப் பார்த்ததும் மேடையைப் பார்த்துக் கையை ஆட்டினார்: "ஏய், மெஷினை நிறுத்து, மேடம் வந்திருக்காங்க!"

அவள் தலையைத் திருப்பினாள். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. ஆனாலும் அடையாளம் தெரிந்தது, சுமன். கணவனுக்குப் பதிலாக அவளுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். என்ன வேலை என்று சொல்லவில்லை. அவளுக்கும் என்னைத் தெரிந்தது. சில நொடிகள் என்னைப் பார்த்தாள். அவள் எதையாவது எடுத்து என்மேல் எறிந்திருந்தாலும் நான் நகர்ந்திருக்க மாட்டேன்.

ஒரு கையை மட்டும் உயர்த்தி, "தாம்பா" என்றாள். பொறுங்கள் என்று அர்த்தம். மேனேஜரிடம் சொன்னாளா என்னிடம் சொன்னாளா என்று தெரியவில்லை. பிறகு திரும்பிக்கொண்டு, இன்னும் கால்வாசி மீதியிருந்த உத்திரத்தின் கடைசி முனைவரை குழாயை நகர்த்திக்கொண்டே போனாள். மேனேஜர் என்னைப் பார்த்துக் கையைப் பிசைந்தார். நான் வாசலோரமாகத் தள்ளி நின்று, அவள் வேலை முடியும்வரை காத்திருந்தேன்.